யாருக்குத் தகுதி, யாருக்கு நிலம்?

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியிருப்புப் பிரச்சினை குறித்து இந்த அமர்வில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழ்வது பற்றி உங்களுக்கு நான் எடுத்துரைக்க ஒன்றுமில்லை. என் பணி மொழிபெயர்ப்பு. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிற அரசாணைகளையும் அறிக்கைகளையும் தமிழில் தருவது. எனவே அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மறுகுடியமர்வுப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் இருக்கும்: ‘பாத்ர’ அல்லது ‘அபாத்ர’. தகுதியுடையவர், தகுதியற்றவர் என்று நாம் தமிழாக்குகிறோம். பொருள் சரிதான். ஆனால் அந்த மூலச்சொல் தமிழுக்கும் புதியதன்று. ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு’ என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. அதன் இரண்டாம் பாதியைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்து உண்டு. அதை வேறொரு வகுப்பில் பேசலாம். முதற்பாதியைக் கவனியுங்கள். கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்குபவரின் தரத்தைச் சோதிக்கிறார். சோதனையில் தேறியவர் நன்றியோடு பெற்றுக்கொள்கிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இந்த நகரத்தின் குடியிருப்புச் சட்டம் முழுவதும் இந்த இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்களின் கணக்கு எடுக்கப்படுகிறது. நிலத்தின் கணக்கு எடுக்கப்படுவதில்லை. நிலத்தின் கணக்கையும் எடுத்தால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது தலைகீழாகிவிடும். இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

சேலத்துக்குப் போன பேருந்து

விலே பார்லேயில் மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் பெயர் காமராஜ் நகர். பெயரே அங்கிருந்தோர் யாரென்று சொல்லிவிடும். அந்த நெடுஞ்சாலையின் நடைபாதையில் வாழ்ந்த ஒருவர் சேலம் மாவட்டத்து நிலமற்ற விவசாயத் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்து 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு இரசாயன நிறுவனத்தில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையோரத்தில் பிளாஸ்டிக் தாளும் தார்ப்பாயும் கொண்டு அமைத்த ஒரு கூடாரத்துக்காக, உள்ளூர்த் தாதா ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். நூறு நாள் கூலிக்கும் அதிகமான தொகை அது. மனைவி, மூன்று மகள்களுடன் அதில் வாழ்ந்தார்.

1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவது என்று அன்றைய முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே முடிவெடுத்தார். ஜூலை 23 அன்று இவருடைய நடைபாதைக் குடிசை இடிக்கப்பட்டது. இவரைக் குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் மகள்களும் அங்கேயே தங்கிவிட்டனர். அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கு வந்து, மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் சேர்ந்தார். இவையெல்லாம் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் செய்திகள். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் இவரும் ஒரு மனுதாரர்.

1985 ஜூலையில் வந்த அந்தத் தீர்ப்பை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது பெரிய செய்திதான். ஆனால் தீர்ப்பை முழுமையாகப் படித்த தோழர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். முறையாக அறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்பதே அதன் நடைமுறை விளைவு. மாற்றிடம் கிடைப்பது பெரும்பாலோருக்கு 1976-ல் எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. ‘தகுதி’ என்னும் சொல் நம் வாழ்வில் நுழைந்தது அந்த வழியாகத்தான். பிறகு வரம்பு நாள் 1980 ஆனது, 1985 ஆனது, 1995 ஆனது, 2000 ஆனது. தேர்தல் நெருங்கும்போது வரம்பு நாள் நகர்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2000-ல், டெல்லியின் குப்பை அகற்றுவது தொடர்பான அல்மித்ரா பட்டேல் வழக்கில் அதே உச்சநீதிமன்றம் குடிசைவாசிகளைப் பற்றியும் பேசியது. பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்றிடம் தருவது ஜேப்படிக்காரனுக்குப் பரிசளிப்பதைப் போன்றது என்றது. குப்பையைப் பற்றிய வழக்கில் குடிசைவாசிகள் ஏன் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு நடுவே 1991 இருக்கிறது, தாராளமயம் இருக்கிறது. நடைபாதையில் நின்ற மனிதர் மாறவில்லை. அந்த நடைபாதையின் விலை மாறிவிட்டது.

கிரண்காவின் 600 ஏக்கர்

நிலத்தின் கணக்கை எடுப்பதற்குப் பஞ்சாலைப் பகுதியை விடச் சிறந்த இடமில்லை. பரேல், லால்பாக், வொர்லி உள்ளிட்ட அந்தப் பகுதியைக் கிரண்காவ், அதாவது ஆலைக்கிராமம், என்று அழைத்தார்கள். செங்கொடி இயக்கம் அங்குதான் வேர்விட்டது. கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் 5 அன்று படுகொலை செய்யப்பட்டதும் அங்குதான். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அது தோற்கடிக்கப்பட்டது; ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. துணி நெய்து ஈட்டுவதைக் காட்டிலும் ஆலை நின்ற நிலத்தை விற்று ஈட்டுவது பன்மடங்கு என்பதை முதலாளிகள் அதற்குள் கணக்கிட்டு முடித்திருந்தார்கள்.

ஆலைநிலம் மொத்தம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991-ல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 என்ன சொன்னது? நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளிக்காக. ஒரு பங்கு மாடா எனப்படும் வீட்டுவசதி ஆணையத்துக்குப் பொதுக் குடியிருப்புக்காக. மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. நெரிசலில் திணறும் நகரத்துக்கு நடுவே மக்களுக்கென்று ஏறத்தாழ 400 ஏக்கர்! கேட்கவே இனிமையாக இருக்கிறது அல்லவா?

2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். ரத்துச் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்கீடு ‘திறந்த நிலத்துக்கு’ மட்டுமே பொருந்தும் என்றாக்கினார்கள். ஆலையில் திறந்த நிலம் எவ்வளவு இருக்கும்? கொட்டகைகள், கிடங்குகள், புகைபோக்கி போக எஞ்சும் முற்றம்தான். மூன்றில் இரண்டு பங்காக இருந்தது முற்றத்தில் இரண்டு பங்காகச் சுருங்கியது. உயர்நீதிமன்றம் 2005-ல் அதை ஏற்கவில்லை. உச்சநீதிமன்றம் 2006 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. என் தொழிலில் ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் செலவிட்டால் தோழர்கள் சிரிப்பதுண்டு. இங்கே ஒரு பெயரடை நூற்றுக்கணக்கான ஏக்கரைக் கொண்டுபோயிருக்கிறது.

தனியார் ஆலைகளின் கதை மட்டுமல்ல இது. பொதுத்துறையான தேசிய பஞ்சாலைக் கழகமும் 2005-ல் தன் நிலங்களை ஏலம் விட்டது. பதினோரு ஏக்கர் ஜுபிடர் ஆலை 276 கோடி ரூபாய்க்கும், பதினேழு ஏக்கர் மும்பை டெக்ஸ்டைல் ஆலை 702 கோடி ரூபாய்க்கும் போயின. அந்த நிலத்தில் இரண்டு மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? வீடு கேட்டு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்களும் வாரிசுகளும் விண்ணப்பித்தார்கள். 2012-ல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள். அதற்குப் பின்னும் மிகச் சிலருக்கே கிடைத்தது. அண்மையில் ஷேலு, வாங்கணி ஆகிய இடங்களில் வீடு தருகிறோம் என்றார்கள். மறுத்தால் உரிமையே போய்விடும் என்றும் அரசாணையில் எழுதினார்கள். கர்ஜத் ரயில் பாதையில் அவை எவ்வளவு தொலைவு என்று உங்களுக்குத் தெரியும். எழுபது வயதைத் தாண்டிய தொழிலாளர்கள் 2025 ஜூலையில் மழையில் ஆசாத் மைதானத்தில் வந்து நின்றது அதனால்தான். முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்று ஏங்கெல்ஸ் 1872-ல் விளக்கினார். அதற்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன அவருக்கு. நமக்கு ஒரு ரயில் பயணச்சீட்டு போதும்.

நில உச்சவரம்புச் சட்டம் பற்றி ஒரு வரி. 1976-ல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை ஒன்றிய அரசு 1999-ல் கைவிட்டது. மகாராஷ்டிரம் 2007 நவம்பரில் கைவிட்டது. நகர்ப்புற வளர்ச்சிக்கான ஒன்றிய நிதி வேண்டுமென்றால் அதைக் கைவிடு என்பது நிபந்தனை. ஒழுங்காக நடைமுறைப்படுத்தாத சட்டம்தான் அது. இருந்தும் முதலாளிகளுக்கு உறுத்தியது.

‘இலவச’ வீடு

1995-ல் சிவசேனை–பா.ஜ.க. அரசு, நாற்பது லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று அறிவித்துக் குடிசை மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பது அந்தத் திட்டத்தின் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் புரியும்.

கட்டுமான முதலாளி குடிசைநிலத்தில் ஒரு மூலையில் அடுக்கு வீடுகளைக் கட்டிப் ‘பாத்ர’ ஆனவர்களைக் குடியேற்றுவார். மீதி நிலத்தில் கட்டுவதைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்வார். அதற்காக அரசு அவருக்குக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. தரும். எஃப்.எஸ்.ஐ. என்பது நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்னும் எண். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 4 என்று அரசு கையெழுத்திட்டால் அதே ஓர் ஏக்கரில் 1,74,240 சதுர அடி கட்டலாம். அந்தக் கூடுதல் தளங்கள் எங்கிருந்து வந்தன? எந்த முதலாளியும் அவற்றை உற்பத்தி செய்யவில்லை. ஒரு கையெழுத்து அவற்றை உண்டாக்கியது. அந்தக் கையெழுத்து மக்களுடையது. மக்களின் பெயரால் அரசு போட்டது. நிலமும் பெரும்பாலும் பொது நிலம். சதுப்பாகக் கிடந்ததை மண்ணும் கல்லும் குப்பையும் கொட்டி மேடாக்கியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். எனவே அந்த 269 சதுர அடி, 300 சதுர அடி வீட்டின் விலையை முன்கூட்டியே செலுத்திவிட்டவர்கள் அதில் குடியேறுகிறவர்கள்தாம். நம் துண்டறிக்கைகளிலேயே ‘இலவச வீடு’ என்று அச்சாகி வருவதைப் பார்க்கிறேன். நான் மொழிபெயர்க்கிறவற்றில் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுகிறேன். அதற்கு மாற்றாக ‘நிலத்துக்கு ஈடான வீடு’ என்று எழுதுகிறேன். மொழியழகுக்காக அன்று. பிச்சை பெறுபவர் வீட்டின் அளவைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. ஈடு பெறுபவர் கேட்கலாம்.

இந்த இயந்திரத்தின் குறை இதுதான்: நிலவிலை ஏறும் இடத்தில் மட்டுமே அது ஓடும். விலை இல்லாத இடத்துக் குடிசைகளுக்கு முதலாளி வரமாட்டார். விலை உள்ள இடத்துக்கு வந்தாலும், ‘பாத்ர’ ஆனோர் எண்ணிக்கை குறையக் குறைய அவருக்கு விற்பனைப் பரப்புக் கூடும். தகுதிப் பட்டியல் ஏன் எப்போதும் சுருங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தாராவி

இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறேன். தாராவியில் தமிழர் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த இஸ்லாமியரும், சாதிக் கொடுமையிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பி வந்த ஆதிதிராவிட மக்களும் ஊரின் விளிம்பில் சதுப்பில் குடியேறினார்கள். அன்று அது விளிம்பு. இன்று எதிரே பாந்த்ரா–குர்லா வளாகம் நிற்கிறது. மூன்று ரயில் பாதைகள் சுற்றி ஓடுகின்றன. சதுப்பு நகரத்தின் இதயமாகிவிட்டது, நீங்கள் இடம் மாறாமலேயே.

2004-ல் முதல் திட்டம் வந்தது. அதன்பின் எத்தனை ஏலங்கள் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு எடுத்தது. கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. மற்ற குடிசைத் திட்டங்களில் குடியிருப்போரின் ஒப்புதல் வேண்டும். அது எழுபது விழுக்காடாக இருந்து பிறகு ஐம்பத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. தாராவியில் அந்த ஒப்புதலும் தேவையில்லை. மற்றோர் ஏற்பாட்டையும் கவனியுங்கள். தாராவியில் பயன்படுத்தாத கட்டுமான உரிமையை, அதாவது டி.டி.ஆரை, நகரத்தின் வேறு பகுதிகளில் விற்கலாம். பிற கட்டுமான நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான டி.டி.ஆரில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திலிருந்தே வாங்க வேண்டும் என்று 2023-ல் அறிவிக்கை வெளியிட்டார்கள். தடையற்ற சந்தையைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இவர்கள்.

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் வசிப்போருக்கு அங்கேயே 350 சதுர அடி. 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால். அதற்குப் பின் வந்தோருக்கும், மேல்தளத்தில் இருப்போருக்கும் வெளியே எங்கோ வாடகை–தவணை முறையில். அந்த ‘எங்கோ’ எது என்பதற்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தேவ்நார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மழைவெள்ளத்தை உள்வாங்கும் உப்பளமும், மீத்தேன் கசியும் குப்பைமேடும்! முலுண்ட் மக்கள் தங்கள் பகுதிக்கு இவர்கள் வரக்கூடாது என்று எதிர்க்கிறார்கள். உள்ளூர்த் தகராறாக அது ஊடகங்களில் வருகிறது. ஏழைகள் வேண்டாம் என்னும் குரல் அதில் கலந்திருக்கிறது. அதை நாம் ஏற்க முடியாது. உப்பளத்தில் கட்டினால் வெள்ளம் வரும் என்னும் குரலும் இருக்கிறது, அது நியாயமானது. இரண்டையும் பிரித்தறிந்து, இரண்டாம் குரலோடு நாம் கைகோக்க வேண்டும்.

இனி, கிளைகளில் நடந்துவரும் வாதத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் கணக்கெடுப்புத் தொடங்கியபோது அதைப் புறக்கணிக்க வேண்டும் என்று ஒரு பகுதித் தோழர்கள் கூறினார்கள். கதவில் எண் எழுத வருபவரைத் திருப்பி அனுப்பினால் திட்டமே நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். எண் விழாத வீடு பட்டியலில் இராது, பட்டியலில் இராதவர் கதி என்ன என்பது எதிர்வாதம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புறக்கணிப்பு வலிமையுள்ளவரின் ஆயுதம். ஒரு சந்தில் இருநூறு வீடும் சேர்ந்து மறுத்தால் அது போராட்டம். பத்து வீடு மறுத்து நூற்றுத்தொண்ணூறு வீடு எண் வாங்கிக்கொண்டால் அந்தப் பத்து வீடுகள் பலி. நாம் எத்தனை சந்துகளில் இருநூறு வீடாக இருக்கிறோம்? அதை நேர்மையாக எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கூட்டத்தில் வாய்திறப்பதில்லை. மேல்தளம். தாராவியின் பெரும்பாலான வீடுகளில் இரும்பு ஏணி ஏறிப்போனால் இன்னொரு குடும்பம் இருக்கிறது. கீழே இருப்பவர் உரிமையாளர். மேலே இருப்பவர் வாடகைக்காரர். நம் உறுப்பினர்களிலும் இரு தரப்பும் உண்டு. திட்டம் கீழ்த்தளத்துக்கு 350 சதுர அடியைக் காட்டி, மேல்தளத்தை உப்பளத்துக்கு அனுப்புகிறது. கீழே இருக்கும் தோழர் ‘நம்மைப் பொறுத்தவரை பரவாயில்லை’ என்று நினைக்கத் தொடங்கினால் அந்த நிமிடத்தில் சந்து இரண்டாகிவிடும். மேலே இருப்பவரின் பெயரில் மின்கட்டணச் சீட்டு இராது. வாடகைச் சீட்டும் இராது, ஏனெனில் கீழே இருப்பவர் கொடுத்ததில்லை. அவரை ‘அபாத்ர’ ஆக்கும் வேலையில் பாதியை அரசு செய்கிறது. மீதியை நாமே செய்கிறோம்.

குடிசை வாழ்க்கையை நாம் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. விடியற்காலையில் பொதுக்கழிப்பிட வரிசையில் நிற்கும் பெண்களிடம் போய் மறுகட்டுமானம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று தெரியும். அவர்கள் வீடு கேட்கிறார்கள், கதவுள்ள கழிப்பறை கேட்கிறார்கள், அது நியாயம். கூடவே, குயவர் சூளை வைக்கவும், தையல் இயந்திரம் போடவும், அப்பளம் உலர்த்தவும் இடம் கேட்கிறார்கள். பதினைந்தாம் மாடியில் அவை முடியாது. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிச்சயம்.

350 சதுர அடிக்கு மேல் தர வழியில்லை என்கிறார்களே, அதற்கு வொர்லி பதில் சொல்லும். 1920-களில் அரசு கட்டிய பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறைகளில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அவற்றின் மறுகட்டுமானத்தை மாடா நேரடியாக மேற்கொண்டிருக்கிறது. அங்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி பெற்றன. அதே நகரம், அதே மாநில அரசு. அங்கும் சிக்கல்கள் உண்டு, விற்பனைக் கோபுரங்களும் உண்டு. ஆயினும் அங்கு இருந்தவர்கள் கையில் வாடகைச் சீட்டு இருந்தது, சங்கத்தில் கட்டுப்பட்ட நீண்ட வரலாறு இருந்தது. பொது அமைப்பு ஒன்று கட்டிடம் கட்ட முன்வந்தது. தாராவியில் 500 சதுர அடி என்னும் கோரிக்கை பேராசையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வொர்லிக்கு நம் தோழர்கள் பத்துப் பேர் போய், அந்த வீடுகளைப் பார்த்து, படம் எடுத்து வந்து 90 அடிச் சாலையில் காட்டினால் என் உரையைக் காட்டிலும் பயன் தரும்.

இனிச் செய்ய வேண்டிய வேலை. தகுதிப் பட்டியலான இணைப்பு–2 பகுதி பகுதியாக வெளிவருகிறது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் பல குடும்பங்கள் தங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே மேல்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடுகின்றன. மேல்முறையீட்டு விண்ணப்பத்தைத் தமிழில் ஆக்கித் தர நான் பொறுப்பேற்கிறேன். கிளைச் செயலாளர்கள் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கதவு எண், கீழ்த்தளக் குடும்பம், மேல்தளக் குடும்பம் என மூன்று பத்திகளாக எழுதிவர வேண்டும். மேல்தளத்தை எழுதாத நோட்டை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். வாடகைக்கு விட்டிருக்கும் தோழர்கள் இந்த வாரத்திலேயே தங்கள் மாடியில் இருப்பவருக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். குடியேறிய ஆண்டை மறக்காமல் குறிப்பிடுங்கள்.